மச்சான் படகின் நிழல் விழுந்த இடம்

படகைப் பறக்கவிட்டதில் தப்பில்லை என்று ஊரே சொல்லிவிட்டது. அதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன், பின்னால் யாரும் அதைக் கிளறக்கூடாது.

நான் வரைந்த படம் இதுதான். பழவேற்காட்டு ஏரிக்கு மேலே, பனைமர உயரத்தில், சில ஃபைபர் படகுகள் மிதக்கின்றன. மேலிருந்தபடியே ஆட்கள் வலையைக் கீழே இறக்குகிறார்கள். கரையில் பூநாரைகள் வரிசையாகக் குந்திக்கொண்டு, பீடி வலித்தபடி வேடிக்கை பார்க்கின்றன. நடுவில் இருக்கும் பச்சைப் படகின் வலையில் மீனுக்குப் பதிலாக ஒரு லோக்கல் ரயில் மாட்டிக்கொண்டு விலாங்கு போல நெளிகிறது. இத்தனை அக்கிரமத்தில் எதையும் எங்கள் ஊர் கேட்கவில்லை. ரயில் எப்படி ஏரிக்குள் வந்தது என்று கேட்கவில்லை. பூநாரைக்கு யார் பீடி வாங்கிக் கொடுத்தது என்றும் கேட்கவில்லை. கேட்டது ஒரே கேள்வி. அந்தப் பச்சைப் படகின் நிழல் ஏன் அடுத்தவன் பாட்டுக்குள் விழுந்திருக்கிறது?

வெளியூர்க்காரர்களுக்குப் பாடு என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். ஏரியில் இறாலும் மீனும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வராது. முகத்துவாரத்தை ஒட்டிச் சில நல்ல இடங்கள் இருக்கின்றன. அந்த இடங்களை ஊர் பிரித்து, சீட்டுக் குலுக்கி, குடும்பங்களுக்கு முறை வைத்துக் கொடுக்கும். அந்த இடத்துக்கும் முறைக்கும் சேர்த்து ஒரே பெயர், பாடு. உன் முறை நடக்கும்போது அங்கே உன் வலை மட்டும்தான் இறங்கலாம். அடுத்தவன் வலை இறங்கினால் ஊர் கூடிப் பேசும், அவன் முறையைப் பிடுங்கி வைக்கும். வீட்டை விட்டு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டவர்களைக்கூட எங்கள் ஊர் கைக்குழந்தையோடு திரும்பி வந்ததும் சேர்த்துக்கொள்ளும். பாடு விஷயத்தில் மட்டும் அதற்கு மறதியே கிடையாது.

எனக்குப் பாடு கிடையாது. தொழிலுக்குப் போகாதவனுக்குச் சீட்டில் பெயர் இல்லை. நான் படம் போடுகிறவன். ஊருக்குத் தெரிந்த என் வேலை, படகுகளுக்கு நம்பரும் பெயரும் எழுதுவது, மாதா கோயில் கொடிமரத்துக்கு வருஷா வருஷம் நீலம் அடிப்பது, கல்யாண வளைவில் மாப்பிள்ளை பெண் பெயரை ரோஜாப்பூவுக்கு நடுவில் செருகுவது. ஊர் கண்டுகொள்ளாத வேலை, வீட்டுக்குள் நான் போடும் படங்கள். முன்பு சிறுவர் பத்திரிகைகளுக்கு முயலும் பூதமும் வரைந்துகொண்டிருந்தேன். அந்தப் பத்திரிகைகள் ஒவ்வொன்றாக மூடியதும் பூதங்களுக்கு வேலை போய்விட்டது. சரி, பெரிதாக வரைந்து சட்டம் போட்டு சென்னை காலரிகளில் கொண்டுபோய்க் காட்டுவோம் என்று கிளம்பினேன். அங்கேதான் எனக்கு இரத்தக் கொதிப்பு ஆரம்பித்தது.

ஒரு காலரியில் மீனவர் வாழ்க்கை என்றதும் ஆசையாக உட்கார வைத்தார்கள். படங்களைப் புரட்டிவிட்டு, இதில் வேதனை தெரியவில்லையே சார் என்றார்கள். வேதனை வேண்டுமானால் சாயங்காலம் பொன்னேரி பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து பாருங்கள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. இன்னொரு காலரியில் சூரியன் மறைகிற ஏரி இருந்தால் கொண்டு வாருங்கள், அது ஹோட்டல்காரர்கள் வாங்குவார்கள் என்றார்கள். இன்னொன்றில் பீடி பிடிக்கும் பறவை எந்த அரசியலைக் குறிக்கிறது என்று ஒரு தாடிக்காரர் கேட்டார். அது பீடி பிடிக்கும் பறவை என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

கடைசியில் ஒரு அம்மா நடத்தும் சின்ன காலரியில், இன்னும் சில பேரோடு சேர்த்து ஒரு கண்காட்சியில் என் படங்களை மாட்ட ஒப்புக்கொண்டார்கள். தொடங்கிய அன்றே அந்த அம்மா போன் செய்து, பறக்கும் படகு படத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டிவிட்டோம் என்றார். என்ன தப்பு நடந்துவிட்டதோ என்று எனக்குக் கொட்டாவி வந்தது. எனக்கு இது ஒரு வியாதி. மற்றவர்களுக்குப் பயத்தில் வயிறு கலங்கும், கை நடுங்கும். எனக்குக் கொட்டாவி வரும், தாடை கழன்று விழுகிற மாதிரி. தலைவர்கள், டாக்டர்கள், மாமனார் எல்லோர் முன்னாலும் விட்டிருக்கிறேன். எல்லோரும் என்னைத் திமிர் பிடித்தவன் என்றே நினைத்திருக்கிறார்கள். அந்த அம்மா பொறுமையாக விளக்கினார். சிவப்புப் பொட்டு என்றால் படம் விற்றுவிட்டது என்று அர்த்தமாம். கண்காட்சி முடிந்ததும் வாங்கியவர் வீட்டுக்குப் போய்விடுமாம்.

காலரி வழியாக நான் விற்ற முதல் படம். சந்தோஷத்தில் மனிதன் என்ன செய்வான்? அனுப்புவதற்கு முன் போனில் எடுத்து வைத்திருந்த படத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். காற்று எச்சரிக்கை, சாவுச் செய்தி, குட்மார்னிங் ரோஜா இவற்றுக்கு நடுவில் என் ஆகாயப் படகுகளும் போய் உட்கார்ந்தன. கட்டை விரல்கள் வந்தன. கைதட்டல்கள் வந்தன. நான் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டேன்.

அப்புறம் யாரோ படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள்.

இங்கே என் சோம்பலைச் சொல்ல வேண்டும். கற்பனைப் படம்தானே, படகுகளையும் கற்பனையாகப் போட்டிருக்கலாம். என் ஜன்னலைத் திறந்தால் மச்சானின் படகு தெரியும். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். படகுக்குப் பச்சை உடம்பு, பக்கவாட்டில் மஞ்சள் கோடு. அதையே பார்த்துப் போட்டுவிட்டேன். ஏரியும் அப்படித்தான். கலங்கரை விளக்கம், மணல்திட்டு, பாட்டு எல்லைக்கு நட்ட மூங்கில் கழிகள் எல்லாம் கண்ணால் கண்டபடி அதது அதனதன் இடத்தில் இருந்தன. படகுகளை மட்டும்தான் மேலே தூக்கினேன். தூக்கியதும் கீழே வலப்பக்கம் வெறிச்சென்று இருந்தது. அங்கே ஒரு இருட்டு வேண்டியிருந்தது. பச்சைப் படகின் நிழலை அங்கே இழுத்துவிட்டேன். அதற்கு மேல் ஒரு யோசனையும் இல்லை, சத்தியமாக.

அந்த இடம் என் சின்ன மாமனாரின் பாடு. என் மாமனாரின் தம்பி, மச்சானுக்குச் சித்தப்பா. போன பருவத்தில் மச்சானின் வலை தன் பாட்டுக்குள் வந்துவிட்டதாக அவர் ஊரில் சொன்னார். மச்சான் மாதா கோயில் வாசலில் நின்று, வரவில்லை என்று சத்தியம் செய்தார். கண்ணால் பார்த்தவர் யாருமில்லை, ஊர் விட்டுவிட்டது. சித்தப்பாவும் அண்ணன் மகனும் அதிலிருந்து ஒரே டீக்கடையில் முதுகைத் திருப்பிக்கொண்டு டீ குடித்துவந்தார்கள். இப்போது சீட்டில் அடுத்த முறை மச்சானுக்கு விழுந்திருந்தது. முகத்துவாரத்தை ஒட்டின முதல் பாடு. வருஷக்கணக்காக அவர் காத்துக்கொண்டிருந்தது. மகளை நர்ஸிங் சேர்த்ததே அந்த இறாலை நம்பித்தான்.

சின்ன மாமனார் என் படத்தை எடுத்துக்கொண்டு நேராக ஊர்த் தலைவரிடம் போனார். பறக்கிற படகைப் பற்றி அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: அன்றைக்குப் பார்த்தவர் யாருமில்லை என்றீர்கள், இதோ அவன் தங்கச்சி வீட்டுக்காரனே பார்த்து வரைந்திருக்கிறான், சென்னையில் சட்டம் போட்டு மாட்டியும் இருக்கிறான். தலைவர் என் படத்தைச் சாட்சியாக எடுத்துக்கொண்டார். விசாரித்து முடிக்கும் வரை மச்சானின் முறை நிறுத்தி வைக்கப்படும் என்று சொல்லிவிட்டார்.

மச்சான் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"மாப்ள, வானத்துல வுட்டியே, நிழலை இன்னா வெங்காயத்துக்கு வுட்ட?"

கற்பனை என்றேன். கம்போஸிஷன் என்றேன். வலப்பக்கம் வெறுமையாக இருந்தது என்று விளக்கினேன். நான் கொட்டாவி விடுவதைப் பார்த்து அவருக்கு இன்னும் கோபம் ஏறியது.

"வெறுமையா இருந்துச்சுனா உன் மூஞ்சியைப் போட வேண்டிதான. நான் சத்தியம் பண்ண எடம்டா அது."

என் மனைவி அடுப்படியிலிருந்தே பேசினாள். அவளுக்கு அண்ணன் என்றால் உயிர். "எங்க அண்ணன் பாடு போச்சுனு வையி, அந்தப் பூநாரைங்ககிட்டயே போயி சோறு கேளு. பீடி குடிக்கத் தெரியுது, வடிச்சுக் கொட்டவும் தெரியும்." அன்றைக்கு எனக்கு வந்த குழம்பில் மீனே இல்லை. ஏரிக்கரையில் மீன் இல்லாத மீன்குழம்பு தின்றவன் நானாகத்தான் இருப்பேன்.

என் மூளைக்கு எட்டிய முதல் யோசனை, காலரிக்குப் போய் நிழலைத் தள்ளி வைத்துவிடுவது. கொஞ்சம் அக்ரிலிக், ஒரு தட்டைத் தூரிகை, டீ குடிக்கிற நேரம் போதும். நிழல் எல்லைக் கழிக்கு இந்தப்பக்கம் வந்துவிட்டால் சாட்சியமே மாறிவிடும். மச்சானும் கூட வருகிறேன் என்றார். நான் ஒழுங்காகத் தள்ளுகிறேனா என்று மேற்பார்வை பார்க்க வேண்டுமாம். பஸ் பிடித்துப் பொன்னேரி, அங்கிருந்து ரயிலில் சென்னை. வழி நெடுக, நிழலை எவ்வளவு தள்ள வேண்டும் என்று எதிர் சீட்டுக்காரரின் முழங்காலில் விரலால் அளந்து காட்டிக்கொண்டே வந்தார். அந்த மனிதர் வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

காலரி வாசலில் மச்சான் செருப்பைக் கழற்றினார். உள்ளே எல்லோரும் ஷூவோடு நிற்பதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து மாட்டிக்கொண்டார். தரை அவ்வளவு சுத்தமாக இருந்ததால் மறுபடியும் கழற்றினார். நான் அந்த அம்மாவிடம் போய், படத்தில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது, நிழலை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்த வேண்டும் என்றேன். தூரிகையைப் பையிலிருந்து எடுத்தே விட்டேன். அந்த அம்மா என் கையை, குழந்தை கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்குவது போல, மெதுவாக இறக்கி வைத்தார்.

"வித்த படம் சார் இது. இனிமே நீங்களும் இதை வெறுமனே பார்க்கிற ஆளுதான்."

ஊர், பாடு, சத்தியம், மச்சான், நர்ஸிங் எல்லாவற்றையும் சொன்னேன். பாவம், கவனமாகத்தான் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, அந்த நிழல்தான் படமே, அது நகர்ந்தால் படம் சரிந்துவிடும் என்றார். அது எனக்கும் தெரிந்ததுதான், அதனால் இன்னும் எரிச்சலாக இருந்தது. சரி, நிழல் இருக்கட்டும், படகின் நிறத்தையாவது மாற்றிவிடுகிறேன், யாருடைய படகும் இல்லாமல் ஆக்கிவிடுகிறேன் என்றேன். நல்ல மனசு அவருக்கு, படத்தை வாங்கியவருக்குப் போன் போட்டுக் கேட்டார். திரும்பி வந்து, அந்தப் பச்சையைத் தொடவே கூடாது என்றார். வாங்கியவர் வீட்டு ஹால் சோபா அதே பச்சையாம். அந்தப் பொருத்தத்துக்காகத்தான் வாங்கினார்களாம்.

நான் இத்தனை வருஷம் கனவு கண்டு, கண்ணைக் கெடுத்துக்கொண்டு, ரயிலை வலையில் பிடித்தது ஒரு சோபாவுக்காக. அது தனி வயிற்றெரிச்சல், இன்னொரு நாள் எரிந்துகொள்ளலாம். அன்றைய நிலைமை இதுதான்: நிழலைத் தொட்டால் என் முதல் விற்பனை போகும், தொடாவிட்டால் மச்சானின் பாடு போகும், பின்னாலேயே என் சாப்பாடும் போகும்.

மச்சானைத் தேடினேன். அவர் படத்துக்கு முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். மூக்கு படத்தில் இடிக்கிற தூரம். சண்டை போட வந்த மனிதரின் முகத்தில் சண்டையைக் காணோம்.

"என் படகு இவ்ளோ அழகா கீதா மாப்ள?"

 அந்த நிமிஷம் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. அந்தப் பலவீனத்தில், அவர் போனை எடுத்துப் படத்தோடு சேர்த்துத் தன்னையும் படம் பிடித்துக்கொண்டதை நான் தடுக்கவில்லை.

திரும்பும் ரயில் மீஞ்சூரைத் தாண்டும்போது என் போன் துள்ள ஆரம்பித்தது. மச்சான் அந்த செல்ஃபியை ஊர்க் குழுவில் போட்டிருந்தார். மேலே ஒரு வரியும் எழுதியிருந்தார்: சென்னையில் என் படகு. கீழே சின்ன மாமனார் எழுதியிருந்தார்: படகு தன்னுதுன்னு அவனே ஒத்துக்கினான், நிழல் யாருதுன்னு ஊர் கேக்கட்டும். ரயில் அனுப்பம்பட்டில் நிற்பதற்குள் மறுநாள் சாயங்காலம் ஊர்க்கூட்டம் என்று தலைவரின் அறிவிப்பு வந்துவிட்டது. மச்சான் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் விட்ட கொட்டாவியில் பக்கத்தில் பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவருக்கும் கொட்டாவி வந்துவிட்டது.

பயந்தவனுக்கு வரும் யோசனைகள் இருக்கின்றனவே, அவற்றைத் தொகுத்தால் நல்ல சிரிப்புப் புத்தகம் வரும். படத்தை மாற்ற முடியாது. சரி, படகை மாற்றிவிட்டால்? மச்சானின் படகு பச்சையாகவே இல்லாவிட்டால், படத்தில் இருப்பது அவருடையது என்று யார் சொல்ல முடியும்? ரயிலிலிருந்து இறங்கும்போது இது எனக்கு உலகத்திலேயே சிறந்த யோசனையாகத் தோன்றியது. மச்சானுக்கும் அப்படியே தோன்றியதுதான் எங்கள் குடும்பத்தின் துரதிர்ஷ்டம்.

விடிந்ததும் அவர் படகைக் கரையில் கவிழ்த்தோம். என்னிடம் இருந்தது கொடிமரத்துக்கு அடித்து மிஞ்சிய நீலம். மச்சான் தேய்க்க, நான் அடிக்க, வெயில் ஏறுவதற்குள் பச்சை போய்விட்டது. மஞ்சள் கோட்டை மறைக்கும்போது மட்டும் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வேலை முடிந்ததும் நான்தான் தட்டிக் கொடுத்தேன். ஈரக் காற்று அடிக்கும் நாளில் எனாமல் பெயிண்ட் சாயங்காலத்துக்குள் காயாது என்பது இத்தனை வருஷமாகப் படகுக்கு நம்பர் எழுதும் எனக்கு அன்றைக்கு மட்டும் ஞாபகம் வரவில்லை.

கூட்டம் வலை பின்னும் கொட்டகையில். ஆண்கள் உள்ளே, பெண்கள் பக்கத்து மணலில், என் மனைவி அவர்களில் முன்வரிசையில். தலைவர் வந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையின் முழங்கையிலிருந்து தோள் வரை நீலமாக இருந்தது. வரும் வழியில் யாருடனோ பேச நின்றவர், கவிழ்த்து வைத்திருந்த படகின் மேல் சாய்ந்திருக்கிறார்.  முழங்கையை எங்களுக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார்.

சின்ன மாமனாருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? எழுந்து நின்றார். குரலை உயர்த்தவே இல்லை.

"தப்பு பண்ணாதவன் எதுக்குப்பா ராவோட ராவா கலரை மாத்தறான்?"

ராவோடு ராவாக இல்லை, விடிந்த பிறகுதான் என்று நான் சொன்னேன். அது எவ்வளவு அறிவுகெட்ட பதில் என்று கொட்டகை முழுக்கத் திரும்பிப் பார்த்ததில் தெரிந்தது. மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். அவர் நகங்களிலெல்லாம் நீலம். தலைவர் அவரிடம், உன் சத்தியத்தை நம்பித்தான் அன்றைக்கு விட்டோம், இப்போது இப்படி நிற்கிறாயே என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. வருத்தமாகச் சொன்னார். அந்த முதல் பாடு அடுத்த பெயருக்குப் போகும் என்று சொல்லப் போகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.  என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. அதுதான் என்னை எழுப்பி நிறுத்தியது.

எழுந்தேன். முதலில் வந்தது கொட்டாவிதான். ஊரே காத்திருந்தது. அது முடிந்ததும் சொன்னேன்.

"அது மச்சான் படகு இல்ல தலைவரே. என்னுது."

"உனக்கு ஏதுய்யா படகு?"

"இல்ல. அதான் மேல வுட்டேன். பாடு கீறவங்க தண்ணில வுடுவாங்க. எனக்குத் தண்ணில எடம் ஏது?"

இதை நான் யோசித்துவிட்டுச் சொல்லவில்லை. தப்பிக்க ஓடுகிறவன் கையில் கிடைத்ததைத் தூக்கி எறிவது போலத்தான் சொன்னேன். சொன்ன பிறகு, இது பொய்யில்லையே என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது.  பின்னால் ஒருவர் இருமினார்.

சின்ன மாமனார் லேசில் விடுகிறவரா? அப்படியென்றால் அவன் படகின் நிறத்தை ஏன் அடித்தாய் என்றார். ஜன்னலைத் திறந்தால் அது ஒன்றுதான் தெரிகிறது மாமா, உங்கள் படகை முன்னால் கொண்டுவந்து கட்டியிருந்தால் அதையே போட்டிருப்பேன் என்றேன். பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். சென்னையில் மச்சான் என் படகு என்று போட்டாரே என்று இன்னொருவர் கிளப்பினார். அதற்கு மச்சானே வாயைத் திறந்தார்.

"அழகா இருந்துச்சு. சொல்லிக்கணும்னு இருந்துச்சு. சொல்லிக்கினேன்."

அதைக் கேட்டுச் சின்ன மாமனார் தன் அண்ணன் மகனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ரொம்ப நாளுக்குப் பிறகு நேராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அடுத்து நடந்ததுதான் என் பொறுமைக்கு வைத்த பரீட்சை. பாடு என்பது தண்ணீருக்கு மட்டுமா, மேலே இருக்கிற காற்றுக்கும் சேர்த்தா என்று பெரியவர்கள் விவாதிக்க ஆரம்பித்தார்கள். மேலே பறந்தால் குற்றமில்லை, கொக்கு பறக்கவில்லையா என்று ஒரு கட்சி. கொக்கு வலை இறக்குமா என்று எதிர்க்கட்சி. நிழல் விழுந்தால் மீன் கலையும், அதனால் நிழலும் வலைக்குச் சமானம் என்று மூன்றாவதாக ஒருவர். எந்த காலரியிலும் என் படத்தை இவ்வளவு நேரம், இவ்வளவு நுணுக்கமாக யாரும் பேசியதில்லை. அதை எண்ணிப் பெருமைப்படுகிற நிலையில் நான் இல்லை. எனக்கு அவசரமாகக் கழிப்பறை தேவைப்பட்டது.

கடைசியில் தலைவர் சொன்னார். அந்தப் பச்சைப் படகு படம் போடுகிறவனுடையது என்று ஊர் ஏற்றுக்கொள்கிறது. மச்சானின் முறை மச்சானுக்கே. ஆனால் நிழலும் வலைக்குச் சமானம் என்பதால், பாடு இல்லாதவன் அடுத்தவன் பாட்டுக்குள் வலை இறக்கியது குற்றம்தான். அதற்கு ஊரில் வழக்கம் இருக்கிறது. வலையில் விழுந்தது பாட்டுக்காரனைச் சேரும்.

பிறகு போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விரலால் படத்தை இழுத்தார்.

"இன்னா வுழுந்து கீது இதுல?"

"ரயில்" என்றேன்.

"அப்ப ரயிலு அவருக்கு."

யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சின்ன மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சரி, ரயிலைத் தன் படகில் வரைந்து கொடுத்துவிடட்டும் என்றார். படகு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு, இரண்டு பக்கமும். கூட்டம் கலைந்தது. என் மனைவி பக்கத்தில் வந்து, வீட்டுக்கு வா, நண்டு இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். கொட்டகையிலிருந்து வீட்டுக்குள் நான் போனது நடையில் சேராது.

மச்சான் தன் முறைக்கு நீலப் படகில் போனார். காலரியில் கண்காட்சி முடிந்து படமும் சோபாவுக்கு மேலே போய்ச் சேர்ந்துவிட்டது, நிழலோடு. அந்த அம்மா அடிக்கடி போன் செய்கிறார். வாங்கியவருக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் பிரவுன் சோபா இருக்கிறதாம், பிரவுனில் ஏதாவது பறந்தால் சொல்லச் சொல்கிறார். இங்கே ஊரில் ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. நான் எதையாவது வரைந்துகொண்டிருந்தால் போகிறவர் வருகிறவரெல்லாம் ஜன்னலில் எட்டிப் பார்த்து, இது யார் பாடு என்று கேட்டுவிட்டுத்தான் நகர்கிறார்கள். போன வாரம் ஒரு திமிங்கலம் தலையில் கல்யாணப் பந்தலைத் தூக்கிக்கொண்டு வருவது போல வரைந்தேன். அது கடலா ஏரியா என்பதை முதலில் தெளிவாகச் சொல்லச் சொன்னார்கள்.

சின்ன மாமனாரின் படகில் ரயில் வேலை இன்னும் முடியவில்லை. அவர் கவிழ்த்த ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு மேஸ்திரி வேலை பார்க்கிறார். ரயில் நெளியக்கூடாது, நேராகப் போக வேண்டும். அனுப்பம்பட்டில் நிற்கிற மாதிரி இருக்க வேண்டும், ஏனென்றால் மகளைக் கட்டிக் கொடுத்தது அங்கே. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க வேண்டும், ஆனால் மருமகனைப் போட வேண்டாம். மருமகனை அழித்தேன். மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, கதவோரம் நிற்கிற மாதிரி போடு என்றார். மறுபடியும் போட்டேன். நேற்று மச்சான் டீயோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் குறை சொன்னார்கள்.

இன்று காலையில் கடைசிப் பெட்டியும் முடிந்தது. தூரிகையைக் கழுவப் போனேன். சின்ன மாமனார் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"எல்லாம் சரிதான் மாப்ள. நிழல் போடலியே?"

எனக்குக் கொட்டாவி வந்தது. அடக்கிக்கொண்டு, எங்கே விழுகிற மாதிரி போட வேண்டும் என்று கேட்டேன். அவர் ஏரியில் நட்டிருந்த மூங்கில் கழிகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"என் பாட்டுக்குள்ளயே வுழறா மாதிரி போடு."